கூறு விலையா, தனி விலையா? பொம்மை விலங்குகளின் மொத்த விற்பனை குறித்து

யானை, பசு, மான், மயில், குதிரை என ஐம்பது பொம்மைகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்கு ஒரே விலை. பொறுக்கி எடுக்கக் கூடாது. இந்த ஏற்பாடு யாருக்குச் சாதகம்? வாங்குபவருக்கு விலை குறைகிறது, விற்பவருக்குச் சரக்கு தீர்கிறது, ஆகவே இருவருக்கும் லாபம் என்பது கடைத்தெருவின் விடை. பொருளியலாளர்களும் சட்ட அறிஞர்களும் அறநூலாசிரியர்களும் அவ்வளவு எளிதாக ஒத்துக்கொண்டதில்லை. தானியக் கப்பல், திரைப்படக் கட்டு, வைரப் பொட்டலம், பழைய கார் என்று வெவ்வேறு பொருள்களை முன்வைத்து அவர்கள் இதே கேள்வியை வாதிட்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தில் பொம்மைக்கு இடமில்லை. ஆனால் அதன் முக்கியமான முடிச்சுகள் எல்லாம் சென்னையின் கொலுப் பொம்மைச் சந்தையில், அதிலும் விலங்குப் பொம்மைகளில், ஒருசேரக் காணக் கிடைக்கின்றன. மொத்த விலைக்கும் தனி விலைக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி பிரித்தறியும் வேலைக்கான கூலி என்பதும், அந்த வேலையை யார் செய்கிறார் என்று பார்க்காமல் அந்த விலை நியாயமா என்று தீர்ப்பளிக்க முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சந்தையின் அமைப்பு

நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடைபாதை முழுக்கப் பொம்மைகள் வந்து இறங்குகின்றன. சென்னையின் கொசப்பேட்டை, காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி, புதுச்சேரியின் வில்லியனூர் ஆகியவை மண்பொம்மைக்குப் பெயர்பெற்ற இடங்கள். 1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் விற்பனை நிலையங்களில் கொலுக் கண்காட்சி நடத்துகிறது. பிளாஸ்டிக், ரப்பர் விலங்குகளுக்குப் பாரிமுனையின் மொத்தக் கடைகள் இருக்கின்றன. 2007-இல் வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் ரயில் பாதை பெருங்குடியையும் திருமயிலையையும் ஒரே தடத்தில் இணைத்தது. பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்து அடுக்ககங்களில் குடியேறியவர்களும் மாட வீதிக்கு எளிதில் போய்வரும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பரண் இல்லாத அடுக்ககத்தில் பல ஆண்டுச் சேகரத்தை வைத்திருப்பது கடினம் என்பதால், வாங்குவோர் இருக்கும் அதே பகுதியில் விற்கவேண்டிய தேவையும் எழுகிறது.

இந்தச் சந்தையில் ‘மொத்தம்’ என்பது மூன்று வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது. முதலாவது, செய்பவரிடம் வியாபாரி டஜன் கணக்கில் எடுப்பது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. இரண்டாவது, செட். தசாவதாரம் பத்து, அஷ்டலட்சுமி எட்டு என்று எண்ணிக்கை முன்பே முடிவானது. ஒன்று குறைந்தால் செட் கெட்டுவிடும். மூன்றாவது, பழைய சேகரத்தைப் பெட்டியோடு தள்ளிவிடுவது. அதில் மண்ணும் மரமும் காகிதக்கூழும் பிளாஸ்டிக்கும், நல்லதும் உடைசலும் கலந்திருக்கும். தெய்வப் பொம்மைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் அடங்குகின்றன. விலங்குகள் அப்படி அடங்குவதில்லை. கொலுவின் கீழ்ப்படிகளிலும் தரையில் அமைக்கும் காடு, கிராமம், பூங்கா ஆகியவற்றிலும் இத்தனை மாடு, இத்தனை மான் என்று கணக்கு கிடையாது. இதனால்தான் மொத்த விற்பனை பற்றிய கேள்வி விலங்குப் பொம்மைகளில் கூர்மையாகிறது. சேர்த்து விற்பதற்குத் தெய்வ செட்டில் இருக்கும் இயல்பான காரணம் இங்கே இல்லை; வேறு காரணத்தைத் தேடவேண்டியிருக்கிறது.

முதல் நிலைப்பாடு: மொத்தம் என்பது சிக்கனம்

வணிகர்களுக்கு உவப்பான விளக்கம் இது. ஒவ்வொரு பொம்மையையும் தனியாக எடுத்துக் காட்டி, பேரம் பேசி, தாளில் சுற்றிக் கொடுக்க நேரம் பிடிக்கும். மொத்தமாகக் கொடுத்தால் அந்தச் செலவு இல்லை. அந்த மிச்சமே தள்ளுபடியாக வாங்குபவருக்குப் போகிறது. இந்த விளக்கத்தைக் கோட்பாட்டளவில் வலுப்படுத்தியவர்கள் பொருளியலாளர்களான ராய் கென்னியும் பெஞ்சமின் கிளைனும். 1983-இல் வெளியான கட்டுரையில் அவர்கள் டி பியர்ஸ் நிறுவனத்தின் வைர விற்பனையை ஆராய்ந்தார்கள். அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த வணிகர்களுக்குக் கற்களைப் பெட்டியில் இட்டுக் காட்டும். எடுத்தால் மொத்தமாக எடுக்கவேண்டும், இல்லையேல் விட்டுவிடவேண்டும். ஒரே தரப்பிரிவுக்குள்ளும் கற்களுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு. பொறுக்க அனுமதித்தால் ஒவ்வொரு வணிகரும் மேலான கல்லைத் தேடி நேரம் செலவிடுவார். எஞ்சும் கற்களின் சராசரித் தரம் இறங்கும். விலையை மீண்டும் மாற்றவேண்டிவரும். இந்தத் தேடலால் உலகத்தில் ஒரு வைரம்கூடக் கூடுவதில்லை. அதைத் தவிர்ப்பதே மொத்த விற்பனையின் பயன் என்பது அவர்கள் முடிவு.

அச்சில் எடுத்த மண்யானைகளுக்கு இது பொருந்துகிறது. இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, ஒட்டி, உலர்த்தி, சுட்டு, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டும்போது எந்த இரண்டு பொம்மையும் முழுக்க ஒன்றாக அமைவதில்லை. ஒன்றின் கண் சற்று விலகும், மற்றொன்றின் தும்பிக்கை நுனி மெலியும். வியாபாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நல்லதை மட்டும் எடுத்தால் செய்தவரின் கையில் கழிவு மட்டுமே தங்கும். டஜன் விலை அந்தச் சிறு ஏற்றத்தாழ்வைச் சராசரியாக்கிக் கொள்கிறது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் நிபந்தனையில் இருக்கிறது. வேறுபாடு சிறியதாக இருக்கவேண்டும். இரு தரப்பும் சரக்கின் பொதுத்தரத்தை அறிந்திருக்கவேண்டும். டி பியர்ஸ் பெட்டிக்குப் பின்னால் கற்களை முன்கூட்டியே தரம் பிரித்த நிபுணர்கள் இருந்தார்கள். பழைய பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. சராசரியே தெரியாத இடத்தில் சராசரி விலை என்பது ஊகமாகிவிடுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: மொத்தம் என்பது விற்பவரின் வலு

எதிர்த்திசையிலிருந்து வந்த விளக்கத்துக்கு வேர் அமெரிக்கத் திரைப்பட வழக்குகளில் இருக்கிறது. ஓடும் படத்தோடு ஓடாத படத்தையும் சேர்த்துத் தலையில் கட்டும் முறை அங்கே நீதிமன்றம் வரை போனது. 1962-இல் லோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் படங்களைக் கட்டாகத் திணிப்பதைத் தவறென்றது. மறு ஆண்டே பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: ஒரு பொருளில் இருக்கும் வலுவை இன்னொன்றுக்கு நீட்டுவது அல்ல இங்கே நடப்பது, வாங்குபவர்களின் விருப்பம் பலவிதமாகச் சிதறியிருக்கும்போது அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வழி இது. 1976-இல் வில்லியம் ஆடம்ஸும், பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சரான ஜேனட் யெல்லனும் இதை விரித்து எழுதினார்கள்.

அவர்கள் தர்க்கத்தைப் பொம்மைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் யானைக்கு 900 ரூபாயும் பசுவுக்கு 300 ரூபாயும் கொடுக்கத் தயார். இன்னொருவர் யானைக்கு 600, பசுவுக்கு 500 வரை போவார். தனித்தனியாக விற்றால் வியாபாரிக்கு அதிகம் கிடைப்பது யானையை 600-க்கும் பசுவை 300-க்கும் இருவருக்கும் விற்கும்போதுதான். மொத்த வரவு 1,800. இரண்டையும் சேர்த்து 1,100 ரூபாய் என்று சொன்னால் இருவருமே வாங்குவார்கள், வரவு 2,200. கூடுதலாக வந்த 400 ரூபாய் எங்கிருந்து வந்தது? தனியாக விற்றபோது வாங்குபவர்கள் தாம் கொடுக்கத் தயாராயிருந்ததைவிட 500 ரூபாய் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். சேர்த்து விற்றபோது அந்த மிச்சம் 100 ஆகிவிட்டது. அதாவது விற்பவரின் லாபம் முழுக்க வாங்குபவர்களின் மிச்சத்திலிருந்து எடுக்கப்பட்டது. பொம்மை ஒன்றும் கூடவில்லை, உழைப்பு ஒன்றும் மிச்சமாகவில்லை.

இந்த விளக்கம் கூர்மையானது. ஆனால் போட்டி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும். மாட வீதியில் ஒரு கடையில் சேர்த்துத்தான் தருவேன் என்றால் அடுத்த கடையில் தனியாகக் கிடைக்கும். அச்சுப் பொம்மை போன்ற, பலரிடம் கிடைக்கும் சரக்கில் இந்த வலுவுக்கு இடமில்லை. சேகரிப்போர் தேடும் விலங்குகளில் நிலைமை வேறு. ஜெர்மனியில் 1935-இல் தொடங்கிய ஷ்லைக் போன்ற நிறுவனங்கள் தம் விலங்கு உருவங்களில் சிலவற்றை அவ்வப்போது நிறுத்திவிடுகின்றன. நிறுத்தப்பட்டது பழைய சரக்காக மட்டுமே கிடைக்கும். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் நடைமுறைக்கு வந்தது. புதிய வெளிநாட்டு உருவம் அரிதாகும்போது, வைத்திருப்பவரின் கை ஓங்கக்கூடும். ஒரு நல்ல காண்டாமிருகத்துக்காக இருபது சாதாரண ஆடுகளையும் சேர்த்து வாங்கவேண்டிய நிலை அங்கேதான் வரும்.

மூன்றாம் நிலைப்பாடு: மொத்தம் என்பது அறியாமையின் விலை

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த விவாதத்தின் திசையை மாற்றியது. 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அதுவே அடித்தளம். விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரிக்குத்தான் விலை கொடுப்பார். சராசரி விலைக்கு நல்ல காரைக் கொடுக்க அதன் உடைமையாளருக்கு மனம் வராது. நல்லவை விலகினால் சராசரி இறங்கும். விலை இன்னும் இறங்கும். கடைசியில் மோசமானவை மட்டுமே சந்தையில் மிஞ்சும். பெட்டியாக வரும் பழைய பொம்மைகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. விவரமறிந்தவர் பெட்டியை விற்பதற்கு முன்பே அதிலிருந்த தஞ்சாவூர் வேலைப்பாட்டையும் கொண்டபள்ளி மரயானையையும் எடுத்து வைத்துவிடுவார். அதை அனுபவத்தால் அறிந்த வாங்குபவர், உண்மையிலேயே யாரும் கை வைக்காத பெட்டி வந்தாலும் நம்பி விலை கொடுக்கமாட்டார். நேர்மையாக விற்பவரும் மற்றவர்களின் சூழ்ச்சிக்கான தண்டத்தைக் கட்டவேண்டியிருக்கிறது.

ஏலத்தில் இந்த அறியாமை வேறு வடிவம் எடுக்கிறது. 1971-இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பெட்ரோலியப் பொறியாளர்கள் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து, ஏலத்தில் வென்றவர்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பெறாததற்குக் காரணம் காட்டினார்கள். பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் தெரியாதபோது, மிகையாக மதிப்பிட்டவர்தான் ஏலத்தை எடுக்கிறார். மூடிய பெட்டிக்கான போட்டியிலும் இதே ஆபத்து உண்டு. ஆக, நேரடிப் பேரத்தில் அறியாமை விலையைக் கீழே இழுக்கிறது, ஏலப் போட்டியில் மேலே தள்ளுகிறது. இரண்டிலும் விலை பொருளை விட்டு விலகுகிறது. நம் மாட்டுச் சந்தைகளில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்துவந்திருக்கிறது. சுழி, பல், நடை என்று ஒவ்வொரு மாட்டையும் தனியே பார்த்து, தரகர் வழியாகத் துண்டு மூடி விரல் பிடித்துப் பேரம் பேசுவார்கள். தர வேறுபாடு பெரிதாக இருக்கும் பொருளைத் தனித்தனியே பார்த்து வாங்குவதன் அவசியத்தை அந்தச் சந்தை அறிந்திருந்தது. இந்த மூன்றாம் நிலைப்பாட்டின் குறை, அது விற்பவரையே எப்போதும் அறிந்தவராகக் கொள்வது. பழைய பொம்மையில் பல நேரம் நிலைமை தலைகீழ். பெரியவர்கள் காலமான வீட்டில் பெட்டியை ஒழிக்கும் பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பது தெரியாது. வாங்க வரும் வியாபாரிக்குத் தெரியும்.

நான்காம் நிலைப்பாடு: சேர்த்து வைப்பதற்கே ஒரு மதிப்பு

சேகரிப்பாளர்களும் அருங்காட்சியக அறிஞர்களும் வேறொரு கோணத்தில் பேசுகிறார்கள். பொருள்கள் சேர்ந்திருக்கும்போது சொல்லும் செய்தி, பிரித்தால் மறைந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. தமிழ்நாட்டில் இதற்கு வலுவான சான்று ஆதிச்சநல்லூர். அங்கே 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் பொருள்களை எடுத்துச் சென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை முதலிய விலங்குகளின் வெண்கல உருவங்கள் கிடைத்தன. அவற்றை எந்தத் தாழியருகே, எந்தப் பாத்திரத்தோடு கண்டெடுத்தார்கள் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அவை அழகிய சிறு உருவங்களாக மட்டுமே நின்றிருக்கும். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த கொலு விலங்குகளுக்கும் சிறிய அளவில் இது பொருந்தும். எந்தக் காலத்தில் மரத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து காகிதக்கூழுக்கும் அந்தக் குடும்பம் மாறியது, எப்போது ஒட்டகச்சிவிங்கி நுழைந்தது என்பதையெல்லாம் சேகரம் முழுதாக இருந்தால்தான் வாசிக்க முடியும்.

ஆனால் இந்த மதிப்பு சந்தை விலையில் ஏறுவதில்லை என்பது இந்நிலைப்பாட்டின் சிக்கல். முழுச் சேகரத்தை ஆவணமாகக் கருதி வாங்குபவர் அரிது. விலைபோகும் பத்துப் பொம்மைகளுக்காக வாங்குபவரே அதிகம். மேலும் சேர்ந்திருப்பதெல்லாம் சேகரம் ஆகிவிடாது. 1993-இல் அமெரிக்காவில் அறிமுகமான பீனி பேபிஸ் என்ற துணி விலங்குகளை, எதிர்காலத்தில் விலை ஏறும் என்று நம்பிப் பலர் கூட்டங்கூட்டமாக வாங்கிக் குவித்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் மோகம் சரிந்தபோது குவியல்கள்தாம் மிஞ்சின. எல்லோரும் பத்திரமாக எடுத்துவைத்த பொருளுக்கு அருமை ஏற்படாது. சேர்க்கைக்கு மதிப்பு வருவது அதற்குள் ஓர் ஒழுங்கும், அதைப் பற்றிய குறிப்பும் இருக்கும்போதுதான். அந்த ஒழுங்கையும் குறிப்பையும் உண்டாக்க யாரோ உழைத்திருக்கவேண்டும்.

நான்கையும் இணைப்பது: பிரித்தறியும் உழைப்பு

நான்கு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், அவை ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகின்றன. முதலாவது, அந்த வேலை வீண் என்பதால் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டாவது, அந்த வேலையை வாங்குபவருக்கு மறுப்பதன் மூலம் விற்பவர் பணம் பண்ணுவதைக் காட்டுகிறது. மூன்றாவது, அந்த வேலை ரகசியமாக முன்பே நடந்துவிட்டதோ என்ற சந்தேகம் விலையைச் சிதைப்பதைக் காட்டுகிறது. நான்காவது, அந்த வேலையின் பதிவையே பொருளாகக் கருதுகிறது. எனவே ஒரு கூறின் விலையை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பொருள்களுக்கிடையே வேறுபாடு எவ்வளவு? பிரித்தறியும் அறிவு எவரிடம் இருக்கிறது? பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கழிவு யார் தலையில் விழுகிறது? வேறுபாடு சிறிது, அறிவு இருபுறமும் சமம், கழிவு குறைவு என்றால் மொத்த விலை நியாயத்துக்கு அருகில் இருக்கும். கொசப்பேட்டையில் டஜனாக எடுக்கும் மண்யானை இந்த வகை. மூன்றில் ஒன்று பிறழ்ந்தாலும் தள்ளுபடி என்ற பெயரில் வேறொன்று கைமாறத் தொடங்குகிறது.

மூன்றாவது கேள்வியை நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் போதிய அளவு கவனிக்கவில்லை. நூறு பொம்மைகளில் பதினைந்தை எடுத்துக்கொண்டவர் மீதி எண்பத்தைந்தை என்ன செய்கிறார்? கொம்பு உடைந்த மான், வால் இல்லாத குதிரை, வண்ணம் உரிந்த கிளி மீண்டும் கூறாகி இன்னும் மலிவாக விற்கப்படலாம். தெய்வ உருவம் பின்னமானால் வழிபாட்டில் வைப்பதில்லை. விலங்குகளுக்கு அந்தக் கண்டிப்பு பொதுவாகக் குறைவு என்பதால் அவை இன்னொரு கைக்குப் போக வாய்ப்புண்டு. அப்படியும் போகாதவை குப்பையாகும். தென்சென்னைக் குப்பையின் பாதை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில்தான் முடிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில், 200 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தக் கிடங்கில் கலந்து குவிந்ததை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்டுவருகிறது. வீட்டில் பிரிக்காத செலவு பொதுப்பணத்தில் பிரிக்கும் செலவாக வந்து நிற்கிறது. கூறு விலையின் மலிவுக்கு இப்படியொரு வெளிச்செலவு இருக்கக்கூடும் என்பதைப் பொம்மைக்கும் சேர்த்தே யோசிக்கவேண்டும். சுடாத மண்பொம்மை கரைந்துவிடும், சுட்டதும் பிளாஸ்டிக்கும் ஃபைபரும் கரையாது.

மறுப்புகள்

முதல் மறுப்பு பழமையானது, வலுவானதும்கூட. அறிவு இலவசமாக வருவதில்லை, பல ஆண்டு பார்த்துப் பழகியவர் ஒரு பெட்டிக்குள் அரிய பொம்மையை அடையாளம் கண்டால் அந்த லாபம் அவருடைய உழைப்புக்கானது, ஏன் சொல்லவேண்டும்? சிசரோ கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதே வழக்கு வருகிறது. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியத்தோடு முதலில் வந்து சேர்ந்த வணிகர், பின்னால் வேறு கப்பல்களும் வருவதைச் சொல்லவேண்டுமா? சொல்லத் தேவையில்லை என்று தத்துவவாதி தியோஜெனஸும், சொல்லவேண்டும் என்று தத்துவவாதி அந்திபேட்டரும் வாதிடுவதாக அமைத்து, சிசரோ பின்னவர் பக்கம் சாய்கிறார். அமெரிக்காவில் 1817-இல் லெய்ட்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் புகையிலை வாங்கியவர் தனக்குக் கிடைத்த செய்தியை விற்பவரிடம் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்றது. 1978-இல் சட்ட அறிஞர் அந்தோனி க்ரோன்மன் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார்: முயன்று, செலவிட்டுப் பெற்ற அறிவுக்குப் பாதுகாப்பு வேண்டும், தற்செயலாகக் காதில் விழுந்ததற்கு அது தேவையில்லை. நம் மரபில் குறளின் நடுவுநிலைமை அதிகாரமும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலையும் அடுத்தவர் பொருளையும் தம்முடையதாக எண்ணும் வணிகத்தையே உயர்த்துகின்றன; அந்த அளவுகோலில் மௌனத்துக்கு இடம் குறைவு. க்ரோன்மனின் கோட்டை ஏற்றாலும்கூட, அறிவுக்குக் கூலி உண்டு என்பதிலிருந்து முழு மதிப்பும் அறிந்தவருக்கே உரியது என்ற முடிவு வராது. நல்ல பொம்மைகளை அறிந்து சொல்லி, பங்கு பேசி வாங்கினாலும் அந்தக் கூலி கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து விலைபோடச் சொன்னால் யாரும் வாங்கவே வரமாட்டார்கள். பெட்டி பரணிலேயே கிடக்கும் அல்லது குப்பைக்குப் போகும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மொத்தம், தனி என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்பதில்லை. ஆடம்ஸும் யெல்லனும் காட்டியதுபோல, சேர்த்தும் தனித்தும் இரு விலையில் விற்கும் கலப்பு முறை உண்டு. பத்தைத் தனியாக விலைபோட்டு, மீதியைக் கூறாக்குவது அதிக உழைப்பைக் கேட்காது. ஐயத்தைப் பெருமளவு குறைக்கும். மூன்றாவது மறுப்பு, இவை விளையாட்டுச் சாமான்கள்தாமே, இவ்வளவு நியாயம் எதற்கு என்பது. தனிப் பெட்டியின் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் பழைய சரக்கின் மலிவு புதிய சரக்கின் விலையையும் அழுத்தக்கூடும். அந்த அழுத்தம் கடைசியில் வந்து சேருமிடம் அச்சு பிடித்து, சூளை வைத்து, கண் எழுதுபவரின் வருமானம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இந்தியச் சட்டம் கூறு விற்பனையை அறியாததல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, ஏலத்தில் பொருள்கள் பல கூறுகளாக வைக்கப்பட்டால் ஒவ்வொரு கூறும் முதல் தோற்றத்தில் தனி ஒப்பந்தம் என்கிறது. சொன்ன விவரணைக்குப் பொருந்தாத சரக்கு கலந்து வந்தால், பொருந்துவதை ஏற்று மற்றதை மறுக்கவோ, முழுவதையும் மறுக்கவோ 37-ஆம் பிரிவு வாங்குபவருக்கு வழி தருகிறது. விவரணையே இல்லாமல் ‘உள்ளது உள்ளபடி’ என்று கொடுத்த பெட்டிக்கு இந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடுகிறது. கண்டு வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்ற பழைய விதி மேலோங்குகிறது. ஆக, எழுதிக் கொடுக்கும் ஒரு வரி விவரணையே சட்டத்தின் கதவைத் திறக்கும் சாவி.

விலையைத் தாண்டிய பொறுப்புகளும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பம், கலைப்பொருள் போன்றவற்றை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே தனியார் அனுப்பக் கூடாது. அதே ஆண்டில் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடைசெய்தன. பழைய வீட்டுப் பெட்டியில் ஒரு சிறு தந்த யானை கலந்திருப்பது நடக்கமுடியாத காரியமல்ல. பெட்டியோடு வந்தது, தெரியாது என்ற விடை அங்கே போதாது. வண்ணத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை: வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்துக்கு வரம்பு விதித்த விதி 2016-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்பது வேறு, படியில் வைப்பது வேறு. மொத்தமாக வாங்குவதால் பிரித்தறியும் கடமையைத் தவிர்த்துவிட முடியாது. அது அடுத்தவர் கைக்கு மாறுகிறது என்பதற்கு இச்சட்டங்களும் சான்று.

தீராத கேள்விகள்

இதுவரை பார்த்ததிலிருந்து ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியவை சிலவே. புதிய, ஒரே அச்சுச் சரக்கில் சிக்கன விளக்கம் பெருமளவு நிற்கிறது. நிறுத்தப்பட்ட, அரிய உருவங்களில் விற்பவரின் வலு பற்றிய விளக்கத்துக்கு இடமிருக்கிறது. கலந்த பழைய பெட்டிகளில் அறியாமை பற்றிய விளக்கமே முன்னிற்கிறது. ஆனால் அறியாதவர் வாங்குபவர்தான் என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. எல்லாவற்றிலும், விவரணை எழுதுவதும் சிலவற்றைத் தனியே பிரித்து விலையிடுவதும் குறைந்த செலவில் நியாயத்தைக் கூட்டும் வழிகள்.

திறந்தே இருப்பவை மூன்று. முதலாவது, கைப்பேசிப் படங்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றனவா, கூட்டுகின்றனவா? ஒரு படத்தைக் காட்டி விலை கேட்க முடிவதால் அறியாத வீட்டார் வலுப்பெறலாம். அதே படத்தில் நல்ல பொம்மையை மேலே அடுக்கி உடைசலை மறைக்கவும் முடியும். இரண்டாவது, பழைய பொம்மையின் லாபத்தில் செய்தவருக்குப் பங்கு உண்டா? ஓவியங்களின் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் ஏற்பாடு சில நாடுகளில் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் மூல ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கு அப்படியொரு உரிமையை வரையறைகளோடு ஒப்புக்கொள்கிறது. அச்சில் எடுத்து, பெயர் பொறிக்காமல் விற்ற மண்யானைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது எளிதில் தீராது. மூன்றாவது, ஒரு குடும்பச் சேகரத்தை எப்போது முழுதாகக் காப்பது, எப்போது பிரிப்பது என்பதை முடிவுசெய்யப் பொதுவான அளவுகோல் உருவாகவில்லை. அருங்காட்சியகங்களுக்கு எல்லாவற்றையும் ஏற்க இடம் இல்லை. சந்தைக்கு அதில் அக்கறை இல்லை. பிரிக்கும் முன் பட்டியலிட்டுப் படமெடுத்து வைப்பது ஓர் இடைவழி. அதற்காகும் நேரத்தை விற்பவர், வாங்குபவர், பொது நிறுவனம் ஆகிய மூவரில் யார் ஏற்பது என்பதில் உடன்பாடு வரும்வரை, கூறின் விலை முழு விலை ஆகாது.